மாட்டோடு பேசும் மாதேவி

ஏரியூரிலிருந்து காவிரிப் பக்கம் இறங்கும் சாலையில் இருக்கிறது அந்த ஊர். அங்கே மாட்டோடு பேசாதவர்கள் யாரும் இல்லை. கறக்கும்போது இரண்டு வார்த்தை, கட்டும்போது ஒரு அதட்டல், இது எல்லோரும் செய்வதுதான். மாதேவி பேசியது அந்த அளவில் நிற்கவில்லை. காலையில் கொட்டகைக்குள் போனாளென்றால் அரை மணி நேரத்துக்கு அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். முந்தின நாள் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், குழம்பில் உப்பு ஏன் கூடிப்போனது, அம்மா வீட்டிலிருந்து போன் வந்ததா இல்லையா, எல்லாமே அந்தச் செவலை மாட்டுக்குத் தெரியும். அத்தனையும் கன்னடத்தில் தெரியும்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்குள் கன்னடம் கூடாது என்று சட்டம் போட்ட அவள் கணவன் நஞ்சப்பன், மாட்டுக் கொட்டகையை அந்தச் சட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டான். எட்டு மாதமாக மனிதர்களிடம் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் அவள் மாட்டிடம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

மாதேவி பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், கன்னடம் பேசும் ஹனூர் வட்டாரத்தில். இருபது வயதில் நஞ்சப்பனுக்குக் கழுத்தை நீட்டி இந்தப் பக்கம் வந்தாள். அவன் வீட்டிலும் கன்னடம்தான். ஊரில் பாதித் தெருவுக்கு வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி. வாசற்படியைத் தாண்டும்போதே நாக்கை மாற்றிக்கொள்ள அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். பஸ், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி எல்லாம் தமிழ். மாதேவிக்கு மட்டும் அந்த வித்தை எளிதில் கைவரவில்லை.

வந்த புதிதில் ரேஷன் கடையில் நடந்ததை அவள் இன்றும் மறக்கவில்லை. கடைக்காரர் ஏதோ கேட்டார். தமிழும் கன்னடமும் அக்கா தங்கை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவள் காதில் விழுந்ததோ நடுவில் எங்கேயும் முடிச்சில்லாத ஒரே நீளக் கயிறு. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. அவள் ஊரில் சொற்களெல்லாம் 'மர' என்று வாயைத் திறந்தபடியே முடியும். இங்கே பாதிச் சொற்கள் 'மரம்' என்று வாயை மூடிக்கொண்டு முடிந்தன. அவள் விழித்தாள். கடைக்காரர் அதையே உரக்கச் சொன்னார். அப்புறம் கத்திச் சொன்னார். வரிசையில் நின்ற ஒரு அம்மாள், பாவம் காது மந்தம் போலிருக்கிறது என்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள். மாதேவிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அவளுக்குக் காது பாம்புக்காது. பக்கத்துத் தோட்டத்தில் கன்று கத்தினால் அது யார் வீட்டுக் கன்று என்று சொல்வாள்.

ஏழெட்டு மாதம் போனபின் ஒருநாள், பஸ்ஸில் முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்த இரண்டு பேரின் பேச்சில் சொல் சொல்லாகக் காதில் விழ ஆரம்பித்தது. அர்த்தம் முழுக்கத் தெரியவில்லை. ஆனால் துண்டு துண்டாகப் பிரிந்தது. அன்றைக்குத்தான் இந்த ஊரில் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தைரியம் வந்தது. ஒன்பது வருடம் கழித்து இப்போது தமிழ் நன்றாகவே விளங்கும். பேசத்தான் தயக்கம். வாயைத் திறந்தால் ராகம் போடுகிறாள் என்று சிரிப்பார்கள்.

கல்யாணமாகி ஐந்தாம் வருடம் பிறந்த பெண்ணுக்குப் பிரியங்கா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஆதார் கார்டில் இருந்தது. வீட்டில் அவள் 'கூசு'. கன்னடத்தில் குழந்தை என்று அர்த்தம். கூசு ஒன்றரை வயதில் பேச ஆரம்பித்து இரண்டு வயதில் வாய் ஓயாமல் பேசினாள். மாட்டை, கன்றை, நிலாவை, அப்பாவின் வண்டியை எல்லாவற்றையும் கூப்பிட்டாள். நஞ்சப்பன் ஏரியூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். சாயங்காலம் அவன் வண்டிச் சத்தம் திருப்பத்தில் கேட்டதுமே ஓடிப்போய் வாசலில் நிற்பாள்.

இரண்டேகால் வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து குழந்தை பிழைத்ததே பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், சமையலறையில் குண்டான் ஒன்று கைதவறித் தடாலென்று விழுந்தது. மாதேவியே திடுக்கிட்டுவிட்டாள். குழந்தை திரும்பவில்லை. அன்று சாயங்காலம் வண்டி திருப்பத்தில் வந்தபோதும் கூசு வாசலுக்கு ஓடவில்லை. அதற்குப்பின் அவள் பேச்சும் நாளுக்கு இரண்டு சொல்லாகக் குறைந்து, நாலைந்து மாதத்தில் முழுக்க நின்றுபோனது.

காய்ச்சல் வந்து ஒரு வருடம் கழித்து, அரசாங்கக் காப்பீட்டில் சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. காதுக்குப் பின்னால் மண்டைக்குள் ஒரு சின்ன மிஷின். வெளியில் காதில் மாட்டும் இன்னொரு மிஷின். அதிலிருந்து ஒரு வயர் போய் வட்டமான காந்தத்தில் முடியும். காந்தம் தலையில் ஒட்டிக்கொண்டால் சத்தம் உள்ளே போகும். ஆபரேஷனோடு வேலை முடியவில்லை, கேட்கப் பழக்குவதுதான் பெரிய வேலை என்று சொல்லி, தருமபுரியில் ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு இரண்டு நாள். அங்கே பயிற்சி கொடுப்பவர் சசிகலா. நாற்பது வயது இருக்கும். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடியே முழங்கால் தேய்ந்தவர்.

முதல் நாளில்தான் அந்தத் தப்பு நடந்தது. சசிகலா ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். காய்ச்சலுக்கு முன் குழந்தை பேசியதா? பேசியது. வீட்டில் என்ன மொழி? நஞ்சப்பன் கண்ணை இமைக்காமல் சொன்னான், தமிழ். மாதேவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. சசிகலா தமிழ் என்று எழுதிக்கொண்டு, அப்படியானால் நல்லது, வீட்டில் எல்லோரும் ஓயாமல் குழந்தையோடு பேசுங்கள், ஒரே மொழியில் பேசுங்கள், காதில் விழுந்துகொண்டே இருந்தால் மூளை பிடித்துக்கொள்ளும் என்றார்.

நஞ்சப்பன் பொய் சொல்பவன் அல்ல. பழைய காயம் ஒன்று அவனுக்குள் இருந்தது. பென்னாகரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில், பாடம் வாசிக்க எழுந்து நின்றாலே வகுப்பு சிரிக்கும். ஒவ்வொரு சொல்லின் வாலையும் அவன் இழுக்கிறானாம். 'இழுவை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆறு வருடம் அந்தப் பெயரோடு நடந்தான். வாலை வெட்டி வெட்டித் தன் தமிழைச் சீராக்கிக்கொண்டான்; இன்றைக்கு அவன் பேசினால் யாருக்கும் எதுவும் தெரியாது, கோபம் வந்தால் ஒழிய. தன் பெண்ணுக்கு ஏற்கெனவே காதில் ஒரு மிஷின். அதைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள். பேச்சைக் கேட்டும் சிரிக்க வேண்டுமா? இதுதான் அவன் எண்ணம். வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டான். கூசு காது கேட்க யாரும் கன்னடத்தில் பேசக்கூடாது. கூசு என்று கூப்பிடவும் கூடாது, பிரியங்கா.

தெருவே ஒத்துழைத்தது. எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லோரும் பிள்ளை நல்லாகட்டும் என்று தமிழுக்கு மாறினார்கள். கன்னடக்காரர்கள் நிறைந்த ஒரு தெருவில் ஒரு குழந்தைக்காக எல்லோரும் சேர்ந்து தமிழ் பேசியதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மனசும் இளகுகிறது. அவர்களெல்லாம் சமாளித்தார்கள். மாதேவியின் வாய்க்குத்தான் பூட்டு விழுந்தது. நாள் முழுக்கக் குழந்தையோடு இருந்தவள் அவள்தான். அவள் சாப்பிடு என்பாள், வா என்பாள், தூங்கு என்பாள். அதற்குமேல் பேச முயன்றால் சொல் வருவதற்குள் பேச வந்த விஷயம் போய்விடும். ஓயாமல் பேச வேண்டிய வீட்டில் அம்மா ஊமையாகிவிட்டாள்.

பயிற்சி மையத்தில் அதற்கும் திட்டு விழுந்தது. "வாயத் தொறந்து பேசுங்கம்மா. நீங்க பேசுனாத்தானே புள்ளைக்குப் பேச்சு வரும்?" என்று சசிகலா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவ கொஞ்சம் கூச்ச சுபாவம் என்று நஞ்சப்பன் சமாளிப்பான். மாதேவி தலையைக் குனிந்துகொள்வாள். பெற்ற பிள்ளையோடு பேசத் தெரியாதவள் என்று தன்னை எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து செவலையிடம் சொல்லி அழுவாள்.

மிஷின் வேலை செய்தது. அதில் சந்தேகமே இல்லை. சசிகலா முகத்தை அட்டையால் மறைத்துக்கொண்டு ஆ என்பார், ஊ என்பார், ஸ் என்பார். ஒவ்வொரு சத்தத்துக்கும் கூசு ஒரு மணியை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். தவறாமல் போட்டாள். ஆனால் மாடு எங்கே, பந்து எங்கே, பிரியங்கா இங்கே பார் என்று பேச்சாகச் சொன்னால் எதுவும் ஏறவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். மழைச் சத்தம் கேட்டால் நாம் எப்படி உட்கார்ந்திருப்போம், அப்படி.

கொட்டகை விஷயத்தை மாதேவி முதலில் கவனிக்கவில்லை. கறக்கும் நேரத்தில் கூசு எழுந்து வந்து கொட்டகை வாசலில் குந்திக்கொள்வாள். கன்றைப் பார்க்க வருகிறாள் என்று விட்டுவிட்டாள். ஒருநாள் காலையில் மாடு காலைத் தூக்கியது. "ஒதீபேடா தாயி, ஒதீபேடா" என்றாள் மாதேவி. உதைக்காதே அம்மா என்று அர்த்தம். ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தால், வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த குழந்தை இரண்டு காலையும் வெடுக்கென்று மடக்கிக்கொண்டு, குற்றம் செய்தவள்போல் பார்த்துக்கொண்டிருந்தது.

மாதேவி கறப்பதை நிறுத்தினாள். தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. மறுநாள் வேண்டுமென்றே மிஷினை மாட்டாமல் விட்டுவிட்டுக் கறக்கப் போனாள். கூசு வரவில்லை. அதற்கு மறுநாள் மிஷினை மாட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி மாட்டோடு தமிழில் பேசினாள். மாடே ஒரு மாதிரியாகப் பார்த்தது. கூசு வந்தாள், கொஞ்ச நேரம் நின்றாள், போய்விட்டாள். நாலாம் நாள் மறுபடியும் கன்னடம். கூசு வந்து குந்தியவள், மாட்டுக்கு ஒரு அம்மா, தனக்கு ஒரு அம்மாவா என்று கேட்பதுபோல் வைத்த கண் வாங்காமல் இருந்தாள்.

அன்றைக்கு மாதேவிக்கு எல்லாம் விளங்கியது. புத்தகம் படித்து அல்ல. ரேஷன் கடை வரிசையில் தான் நின்ற நிலையை வைத்து. குழந்தைக்குச் சத்தம் போகிறது. ஆனால் அவள் காதுக்குள் காய்ச்சலுக்கு முன்பே ஒரு சல்லடை போட்டாகிவிட்டது. அது அம்மாவின் பேச்சுக்குப் பின்னிய சல்லடை. எந்தச் சத்தம் சேர வேண்டும், எது பிரிய வேண்டும், சொல் எங்கே மூச்சு விடும் என்று இரண்டு வருடம் கேட்டுக் கேட்டுப் பின்னியது. ஒரு வருட நிசப்தத்துக்குப் பிறகும் அது அழியவில்லை. அதில் போய் எட்டு மாதமாக வேறு தானியத்தைக் கொட்டிச் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் குழந்தை செவிடு இல்லை. தமிழ் வீட்டுக்கு வந்த புதுப்பெண்.

சந்தோஷம் ஒரு பக்கம். பயம் பத்துப் பக்கம். சொன்னால் நஞ்சப்பன் சொன்னது பொய் என்று ஆகும். அவனிடமே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கன்று ஆடுவதைப் பார்க்கத்தான் போகிறாள், உனக்குப் பேச ஆசையாக இருக்கிறது, அதற்குப் பிள்ளையைச் சாக்கு வைக்கிறாய் என்றான். அந்தச் சொல் அவளைச் சுட்டது. அப்படியும் இருக்குமோ என்று ஒரு வாரம் தன்னையே சந்தேகப்பட்டாள்.

எட்டாம் மாதம் முன்னேற்றத்தைப் பார்க்கும் நாள் வந்தது. தருமபுரி மையத்தில் சசிகலா மணியும் கிண்ணமும் வைத்துச் சோதித்தார். கூசு எல்லா மணியையும் போட்டாள். அப்புறம் மேசைமேல் பொம்மைகளைப் பரப்பிவிட்டு, குழந்தைக்குப் பின்னால் நின்று வாயை மறைத்துக்கொண்டு கேட்டார். மாடு எங்கே? கூசு ஜன்னலைப் பார்த்தாள். பந்து எங்கே? ஜன்னலையே பார்த்தாள். பிரியங்கா, பிரியங்கா, பிரியங்கா. சசிகலாவின் குரலே தளர்ந்துவிட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். இரண்டு வயதுவரை பேசிக்கொண்டிருந்த குழந்தை, இத்தனை நாளில் நாலு வார்த்தையாவது பிடித்திருக்க வேண்டும், எனக்கே புரியவில்லை என்றார். உள்ளே வைத்த மிஷின் சரியாக உட்காரவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. சேலத்துக்கு எழுதுகிறேன். ஸ்கேன் எடுப்பார்கள். தேவைப்பட்டால் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

திறந்து பார்ப்பது என்றால் தலையை. மொட்டையடித்த தலையில் கட்டோடு மடியில் கிடந்த குழந்தை மாதேவியின் கண்முன் வந்தது. பக்கத்தில் நஞ்சப்பன் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறப்பான் என்று பார்த்தாள். சசிகலா பேனா மூடியைத் திறந்தார்.

"மேடம், எளுத வேண்டாங்க" என்றாள் மாதேவி.

எட்டு மாதத்தில் அந்த அறையில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. சசிகலா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வூட்ல தமிழ் இல்லீங்க. கன்னடா. காய்ச்சலுக்கு முந்தி கூசு கேட்டது, பேசுனது எல்லாம் கன்னடாதானுங்க."

நஞ்சப்பன் தரையைப் பார்த்தான். மாதேவிக்கு நாக்கு தடுமாறியது, ராகம் வந்தது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"நான் கண்ணாலம் கட்டி வந்தப்ப எனக்கும் காது நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஆனா ஒண்ணும் வௌங்கல. கத்திக் கத்திச் சொன்னாங்க, அப்பவும் வௌங்கல. கூசுக்கும் அதுதானுங்க. தலையத் தொறக்க வேண்டாங்க மேடம்."

சசிகலா பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து வந்து, தான் கையில் வைத்திருந்த அட்டையை மாதேவியிடம் கொடுத்து, நீங்கள் கேளுங்கள் என்றார்.

மாதேவி குழந்தைக்குப் பின்னால் போய் நின்றாள். எதிரில் செவலை இல்லை, பயிற்சி மையத்தின் பச்சைச் சுவர்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். "ஹசு எல்லி, கூசே?" என்றாள். மாடு எங்கே, குழந்தே?

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த தலை திரும்பியது. முதலில் பின்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம், இங்கேகூடவா என்பதுபோல. பிறகு மேசைமேல் கையை நீட்டிப் பிளாஸ்டிக் மாட்டை எடுத்தாள். மாதேவி அடுத்து, "கரு எல்லி?" என்று கேட்டாள். கன்று எங்கே என்றால், சசிகலாவின் பொம்மைப் பெட்டியில் கன்று கிடையாது. கூசு பொம்மைகளைக் கிளறினாள். கரடியைத் தள்ளினாள், பஸ்ஸைத் தள்ளினாள். கடைசியில் ஒரு சின்ன நாய்க்குட்டியை எடுத்து, மாட்டின் மடிக்குக் கீழே முட்டும்படி வைத்துவிட்டு, சரியா என்று அம்மாவைப் பார்த்தாள்.

சசிகலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. நஞ்சப்பன் பக்கம் திரும்பி, எட்டு மாசம்ங்க, இந்த வயசுல எட்டு மாசம்னா என்னன்னு தெரியுமா என்றார். நஞ்சப்பன், சிரிப்பாங்கன்னு நெனச்சேன் மேடம் என்று மட்டும் சொன்னான். கடையில் ஓடும் மோட்டாரின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் மனிதன். தன் வீட்டில் என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று தெரியாமல் போய்விட்டதே என்று அவனுக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும். முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

அவனை அதற்குமேல் வாட்ட சசிகலாவுக்கு மனம் வரவில்லை. தன்மேலும் தப்பு இருக்கிறது என்றார். அம்மா பேசவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தேனே தவிர, ஏன் பேசவில்லை என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபைலில் தமிழ் என்று இருந்த இடத்தை அடித்துவிட்டுக் கன்னடம் என்று எழுதினார். போன எட்டு மாதமும் வீண் இல்லை, சத்தம் கேட்கப் பழகிவிட்டாள்; பேச்சைத்தான் அவளுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார். கன்னடத்தில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் தமிழ் பின்னாலேயே வரும். எப்படிப் பேச வேண்டும் என்று தான் சொல்லித் தருவதாகவும், கன்னடத்தில் என்ன சொல்வது என்பதை மாதேவி தனக்குச் சொல்லித் தர வேண்டும் என்றும் சொன்னார். தன்னை ஒருவர் பாடம் சொல்லித் தரச் சொல்வதைக் கேட்டு மாதேவிக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

திரும்பும்போது பஸ்ஸில் நஞ்சப்பன் வாயே திறக்கவில்லை. பென்னாகரத்தில் வண்டி மாறினார்கள். மாதேவிக்கு உள்ளூரப் பயம். நாலு பேர் முன்னால் கட்டினவனின் மானத்தை வாங்கிவிட்டோமே என்று மனசு உறுத்தியது. அடுத்த நொடியே, அந்த மானத்துக்காகப் பிள்ளையின் தலையைத் திறக்க விடுவதா என்று ஆங்காரமும் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் தூங்கிய குழந்தையின் காதுமிஷின் நழுவாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. சாலையிலிருந்து வீட்டுக்குக் கேழ்வரகுக் காட்டு வழியாக நடக்க வேண்டும். தூங்கி எழுந்த கூசு இறங்கியதும் ஓட ஆரம்பித்தாள். வழக்கமாக அவள் ஓடினால் நஞ்சப்பனும் பின்னால் ஓடுவான். கூப்பிட்டுப் பயனில்லை என்று ஆன நாளிலிருந்து, ஓடிப்போய்த் தோளைப் பிடித்து நிறுத்துவதுதான் அவன் பழக்கம்.

அன்றைக்கு அவன் ஓடவில்லை. வரப்பில் நின்றான். கனைத்துக்கொண்டான். பக்கத்துக் காட்டில் யாரோ களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு கூப்பிட்டான், வெட்டாத வாலோடு, இழுத்து, ஹாஸ்டலுக்குப் போகும் முன் அவன் எப்படிப் பேசினானோ அப்படி.

"எல்லிகெ ஹோக்தீயா, கூசே?"

எங்கே போகிறாய் குழந்தே என்பதுதான் அது. முப்பதடி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் நின்றாள். திரும்பினாள். அப்பாவின் பழைய பேச்சு அவளுக்கு நினைவு இருந்ததோ இல்லையோ, அந்தக் குரல் தன்னைக் கேட்கிறது என்று தெரிந்தது. நஞ்சப்பன் மூச்சு விடாமல் நின்றான். மாதேவியும் நின்றுவிட்டாள்.

கூசு கையைத் தூக்கி வீட்டுக் கொட்டகையைக் காட்டினாள். வாய் ஒருமுறை திறந்து மூடியது. மறுபடியும் திறந்தது.

"கரு" என்றாள்.

கன்றைப் பார்க்கப் போகிறாளாம். சொல்லிவிட்டு, பதில் சொன்ன திருப்தியில் அவள்பாட்டுக்கு ஓடிப்போனாள். நஞ்சப்பன் கையிலிருந்த பையை வரப்பிலேயே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் கொட்டகைக்கு நடந்தான். பையை மாதேவிதான் எடுத்து வந்தாள்.